பையைப் பார்க்காத பருந்து

என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அடுத்தவர் சொல்லும்வரை நான் காத்திருந்ததில்லை. நானே சொல்லிவிடுவேன். விமான நிலையத்தில் பயணிகளின் பைகளை எக்ஸ்ரேயில் பார்ப்பது என் வேலை. பை பெல்ட்டில் ஏறி மெஷினுக்குள் போகும். என் திரையில் அதன் வயிறு தெரியும். துணி, சோப்பு, சாப்பாடு எல்லாம் ஆரஞ்சு. இரும்பு என்றால் நீலம். இரண்டும் கலந்தது பச்சை. இந்த மூன்று நிறங்களை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனின் மொத்தக் குடித்தனத்தையும் சொல்லிவிடலாம். ஒற்றை ஆளாகப் போகிறவரின் பையில் இரண்டு டூத் பிரஷ் இருப்பதையெல்லாம் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்ததில்லை.

இந்த வேலையில் ஒரு வில்லங்கம் உண்டு. வருகிற பைகளில் கத்தி இருக்காது, துப்பாக்கி இருக்கவே இருக்காது. இல்லாத ஒன்றையே நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தால், மூளை ஒரு கட்டத்தில் தேடுவதை நிறுத்திவிடும். கண் மட்டும் அது பாட்டுக்குத் திறந்திருக்கும். அதனால் எங்களைத் தூங்கவிடாமல் வைக்க மெஷினே ஒரு வேலை செய்யும். அவ்வப்போது ஒரு கத்தி அல்லது துப்பாக்கியின் படத்தை யாரோ ஒருவரின் பைக்குள் செருகிக் காட்டும். நாங்கள் அதை டம்மி என்போம். கண்டுபிடித்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், ‘இது பயிற்சிப் படம். சரியாகக் கண்டீர்கள்’ என்று திரை பாராட்டும். கோட்டைவிட்டால் ‘தவறவிட்டீர்கள்’ என்று குட்டும். மாதக் கடைசியில் மதிப்பெண் வரும்.

என் மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஒரு மாதம் அல்ல, நாலு வருஷமாக. ஊழியர் அறைச் சுவரில் ‘இந்த மாதத்தின் கூர்மையான கண்’ என்று ஒரு சட்டம் மாட்டியிருப்பார்கள். மாதாமாதம் புகைப்படத்தை மாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. என் படத்தைக் கழற்றிக் கழற்றி மறுபடி அதையே மாட்டச் சலித்துப்போய், யாரோ பசை போட்டு ஒட்டியே விட்டார்கள். எல்லாரும் என்னைப் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். நான் கால் மேல் கால் போட்டுக்கொண்டு பார்ப்பேன். பொத்தானில் விரல் தானாகப் போய் உட்காரும். எப்படி என்று கேட்டால், “அதெல்லாம் வரணும்ப்பா” என்பேன்.

என் பெல்ட்டில் பைகளைத் திறந்து சோதிப்பவன் ஒரு தம்பி. எதையும் நிதானமாகச் செய்வான். ஒரு பையின் ஜிப்பைத் திறப்பதற்குள் பயணிக்கு விமானமே போய்விடும் போலிருக்கும். ‘சாவகாசம்’ என்று அவனுக்குப் பெயர் வைத்தது நான்தான். அதுவே நிலைத்துவிட்டது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறி அவனும் திரை முன்னால் உட்காருவான். அவன் மதிப்பெண் எழுபதைத் தாண்டியதில்லை. “தம்பி, பையப் பாக்குறியா, பொண்ணு பாக்குறியா?” என்று கேட்பேன். சிரிப்பான். கோபமே வராத பிறவி.

இந்த நிலையில்தான் பழைய மெஷின்களை எடுத்துவிட்டுப் புதியவை வந்தன. படம் இன்னும் தெளிவு, நிறம் இன்னும் துல்லியம். நான் வழக்கம்போலக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ‘தவறவிட்டீர்கள்’ என்றது திரை.

சரி, ஒன்று போகட்டும் என்று விட்டேன். அடுத்த முறை உட்கார்ந்தபோது மறுபடி. அன்று சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தையை எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தவறவிட்ட படத்தைத் திரை நிறுத்திக் காட்டும். ஒரு லேப்டாப்புக்குப் பக்கத்தில், வெட்டவெளிச்சமாக, ஒரு கத்தி. குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதைத்தான் நான் விட்டிருந்தேன்.

“மெஷின் சரியில்ல” என்றேன்.

“எனக்கு எப்பவும்போலத்தான்க்கா வருது” என்றான் சாவகாசம்.

“உனக்கு எப்பவுமே வராதே.”

மாதக் கடைசியில் மதிப்பெண் வந்தது. சாவகாசத்துக்கு அறுபத்தொன்பது. எனக்குப் பதினொன்று. கட்டடத்திலேயே கடைசி. எங்கள் பிரிவின் மேடம் என்னைக் கூப்பிட்டார். இரண்டு வார்த்தையில் முடிய வேண்டியதை மூன்றாவது வார்த்தைக்கு இழுக்காத மனுஷி.

“உடம்பு சரியில்லையா?”

“இல்ல மேடம்.”

“வீட்ல ஏதாவது?”

“ஒண்ணுமில்ல மேடம். மெஷின்ல கோளாறு.”

“மெஷின் உங்களுக்கு மட்டும் கோளாறு ஆகுமா? கண் டாக்டரைப் பாத்துட்டு வாங்க. அடுத்த மாசம் நடுவுல மறு தேர்வு. அதுவரைக்கும் திரை முன்னால உக்கார வேண்டாம். அறுபது வந்தா சீட் உங்களுது. வரலைன்னா தட்டு அடுக்குற வேலைதான், நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

தட்டு அடுக்குவது என்றால், பயணிகள் செல்போனும் பெல்ட்டும் போடுகிற பிளாஸ்டிக் தட்டுகளை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு வருவது. அது கேவலமான வேலை இல்லை. யாராவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் பருந்து செய்தால் ஊழியர் அறையில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இருக்காது. கண் டாக்டரிடம் போனேன். அவர் கடைசி வரியின் பொடி எழுத்துகள் வரை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “எதுக்கு வந்தீங்க?” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணில் ஏதாவது இருக்கிறது என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். மாணவர்கள் ஓட்ட, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் இருக்கும். சாயங்காலம் வந்தால் அன்றைக்கு யார் யார் தன்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். நான் கேட்பதுபோல் தலையாட்டுவேன். அவர் இனிப்பு தின்றுவிட்டு வந்தால் மட்டும் கண்டுபிடித்துவிடுவேன். சர்க்கரை வியாதி, டாக்டர் தொடவே கூடாது என்றிருக்கிறார். தின்றுவிட்டு வருகிற அன்று கதவைத் திறக்கும்போதே மீசையை ஒருமுறை துடைத்துக்கொள்வார். “மாட்டிக்கிட்டீங்க” என்பேன். ஆள் திருதிருவென்று விழிப்பார்.

அன்று அவர் கடுப்பில் இருந்தார். கார்ச் சாவியை மேசையில் எறிந்தார்.

“என்கிட்ட மாசக்கணக்கா தங்கமா ஓட்டுனான் அந்தப் பய. எங்க நிக்கணுமோ கரெக்டா நிப்பான். எங்க மெதுவாப் போகணுமோ போவான். இன்னைக்கு டெஸ்ட்டுக்கு வேற கார் குடுத்தாங்க. பக்கத்துல பிரேக் கிடையாது. மொத சிக்னல்லயே நேரா முன்னாடி நிக்கிற வண்டியில போய் முட்டுறான்!”

“பயந்திருப்பான்” என்றேன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“பயமில்ல. நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. அவன் ரோட்டைப் பாக்கவே இல்ல. இத்தனை நாளும் என் காலைப் பாத்துருக்கான். நான் பிரேக் பக்கம் லேசாக் காலை நகத்துவேன்ல, அதை ஓரக்கண்ணால புடிச்சுக்கிட்டு அவன் நிறுத்திருக்கான். கேட்டா அவனுக்கே தெரியலை. ‘ரோட்டைத்தான் சார் பாத்தேன்’னு சத்தியம் பண்றான். பொய்யும் சொல்லலை, பாவம்.”

என் கை வாய்க்கருகில் நின்றுவிட்டது.

“அவனுக்கே தெரியலையா?”

“தெரியலைங்கிறேன். ரோட்டுல நூறு விஷயம் இருக்கு, எல்லாத்தையும் பாக்கணும். என் கால் ஒண்ணே ஒண்ணு. மூளைக்கு எது சுலபம்? அது பாட்டுக்கு அதைப் புடிச்சுக்கிச்சு. அவன்கிட்ட சொல்லாமலே.”

சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். மூளை எப்படிப் பார்க்கிறது என்று ஒருவர் படம் போட்டு விளக்கினார். கண் கொண்டுவருகிற எல்லாவற்றையும் மூளை வாங்கிக்கொள்வதில்லையாம், வாங்கினால் தாங்காதாம். அடுத்து என்ன வரும் என்று அதுவே முதலில் ஊகித்துவிடுமாம். ஊகத்துக்கு ஒத்துப்போகாத துணுக்கு மட்டும்தான் அதற்குத் தகவல். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் காதில் விழுவதில்லை, நின்றால்தான் விழுகிறது. நிறைய தகவல் வரும்போது எந்தச் சின்ன அடையாளத்தைப் பிடித்தால் வேலை முடியுமோ, அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட்டுவிடும். இதையெல்லாம் அவர் சொன்னபோது நான் பின் வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். நமக்கு எதற்கு இதெல்லாம் என்ற நினைப்பு. அன்று கொட்டாவியோடு கேட்டதெல்லாம் இப்போது சோற்றுக் கையோடு உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது.

நான் யாருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மறுநாள் வேலை முடிந்ததும் சாவகாசத்தைப் பிடித்துக்கொண்டு பயிற்சி அறைக்குப் போனேன். பழைய மெஷின் ஒன்றை அங்கே புதியவர்களுக்காகப் போட்டு வைத்திருந்தார்கள். மூலையில் பழைய பைகள் ஒரு குவியல்.

“நீ பைகளை வரிசையா உள்ள விடு. நான் பாக்குறேன்.”

“எதுக்குக்கா?”

“கேள்வி கேக்காத. விடு.”

விட்டான். டம்மிகள் வர ஆரம்பித்தன. அழுத்தினேன், பாராட்டியது. மறுபடி அழுத்தினேன், பாராட்டியது. பழைய பருந்து திரும்பி வந்துவிட்டது. “பாத்தியா, மெஷின்தான் கோளாறுன்னு சொன்னேன்ல!” என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கார் ஓட்டப் பழகிய அந்தப் பையனின், நான் பார்த்தே இராத முகம் கண்முன்னால் நின்றது. ரோட்டைத்தான் சார் பாத்தேன்.

மேசையில் ஒரு பெரிய அட்டை கிடந்தது. எடுத்துத் திரையை மறைத்து ஒட்டினேன். வலது ஓரத்தில், படம் உள்ளே நுழைகிற இடத்தில் மட்டும், விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி விட்டேன். பையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று இப்போது கடவுளுக்குத்தான் தெரியும்.

“என்னக்கா பண்றீங்க?”

“பையை விடு.”

பைகள் போயின. அந்த இடைவெளியில் ஆரஞ்சும் நீலமும் கோடு கோடாக நழுவி உள்ளே போய் அட்டைக்குப் பின்னால் மறைந்தன. சும்மா இருந்தேன். திடீரென்று என் விரல் போய் அழுத்தியது. நான் அழுத்தவில்லை, விரல்தான் அழுத்தியது. மெஷின் சத்தமிட்டது. அட்டையைத் தூக்கினேன். ‘சரியாகக் கண்டீர்கள்.’

மறுபடி ஒட்டினேன், மறுபடி அழுத்தினேன். அட்டைக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி. மறுபடி, கத்தி. ஒரு பையைக்கூடப் பார்க்காமல் வந்ததையெல்லாம் பிடித்தேன்.

சாவகாசம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். “அக்கா! நீங்க மனுஷியே இல்லக்கா! மந்திரவாதி!”

நான் அட்டையைப் பிய்த்து எடுத்தேன். இப்போது தெரிந்துவிட்டது. டம்மி வருகிற பை திரைக்குள் நுழையும்போது படம் ஒரு கணம் திக்கும். அவ்வளவு சின்னத் திக்கல். கத்தியின் படத்தைப் பைக்குள் செருக மெஷினுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அதனால் வரும் தடங்கல். இருக்கிறது என்று தெரிந்து பார்த்தால் மட்டும் தெரியும். சாவகாசத்திடம் காட்டினேன். அவன் பலமுறை பார்த்த பிறகும் “எங்கக்கா?” என்றான். என் மூளை மட்டும் அதை எப்போதோ கண்டுபிடித்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நாலு வருஷமாக அதை வைத்தே பிழைப்பு நடத்தியிருக்கிறது. புதிய மெஷினில் திக்கல் இல்லை. மூளையும் கையை விரித்துவிட்டது.

“நல்லதுதானக்கா, காரணம் தெரிஞ்சிருச்சு. ஏன் மூஞ்சி இப்படி ஆயிருச்சு?” என்றான்.

“தம்பி, நிஜக் கத்தி வந்தா படம் திக்குமா?”

அவன் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டான்.

கத்தரிக்கோல், சிகரெட் லைட்டர் என்று நிஜப் பொருட்களை நான் பிடித்ததே இல்லை என்றில்லை. கண்ணைக் குத்துகிற மாதிரி மேலேயே கிடந்தவை அவை. ஒளிந்திருந்தவை? துணிக்கு நடுவில், பாத்திரத்துக்கு அடியில் இருந்தவை? நாலு வருஷத்தில் என் திரையைத் தாண்டிப் போன பைகளை யார் திரும்பக் கூப்பிடுவது? ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மைதான். அது என் கண்ணால் இல்லை, ஜனங்களின் நல்ல குணத்தால். சுவரில் ஒட்டியிருந்த என் புகைப்படம் நினைவுக்கு வந்தபோது, யாரோ என்னைக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. பயந்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு முதல்முறையாக உண்மையாகவே பயந்தேன்.

மறுநாள் காலையிலேயே மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை விஷயத்தையும் சேர்த்துத்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம், பழைய மெஷின் போனதோடு கதை முடிந்தது என்று விட்டிருக்கலாம். ஆனால் சரக்குப் பிரிவில் பழைய மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே இன்னொரு பருந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால்?

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

“அப்ப நாலு வருஷமா நீங்க பையைப் பாக்கலை.”

“பாக்கல மேடம்.”

“நாங்களும் உங்க மார்க்கைத்தான் பாத்தோம், உங்களைப் பாக்கலை” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை, ஆனால் சமாதானமும் இல்லை. “சரக்குப் பிரிவுக்கு நான் சொல்லிடறேன். உங்க தேர்வு தேதியில மாற்றம் இல்லை.”

பயிற்சி அறையில் ஒரு கம்ப்யூட்டரில் பைகளின் படங்கள் அசையாமல் நிற்கும். நழுவி வராததால் அதில் திக்கல் வர வழியே இல்லை. தினமும் வேலை முடிந்ததும் அதன் முன் உட்கார்ந்தேன். முதல் நாள் முப்பதுகூடத் தேறவில்லை. உற்றுப் பார்த்தேன், முறைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எல்லாம் ஆரஞ்சுக் குழம்பாகத் தெரிந்தது. சாவகாசத்திடம் மானத்தை விட்டுக் கேட்டேன்.

“நீ எப்படிடா பாக்குற?”

நெடுநேரம் யோசித்தான். “தெரியலக்கா. சும்மா பாக்குறேன்.”

இவனைக் கேட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். நானே வழி கண்டுபிடித்தேன். மூளை பையைப் பார்த்தவுடன் ‘பை’ என்று ஊகித்துவிட்டுத் தூங்கப் போகிறது. அதைத் தூங்க விடாமல் கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் வாய்விட்டுப் பெயர் சொன்னேன். செருப்பு. சார்ஜர். சீப்பு. சோப்பு டப்பா. இன்னொரு செருப்பு. பெயர் வாங்கிக்கொண்ட பொருள் ஒவ்வொன்றாக ஒதுங்கிப் போனது. எல்லாம் ஒதுங்கிய பிறகு, எந்தப் பெயருக்கும் மசியாமல் ஒரு நீலக் கோடு மட்டும் முறைத்துக்கொண்டு நின்றது. அங்கேதான் கத்தி இருந்தது.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அலமாரியைத் திறந்தால் முணுமுணுப்பேன், ஃபிரிட்ஜைத் திறந்தால் முணுமுணுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் காரில் கைக்குட்டை தேடப் போய், டேஷ்போர்டு அறையைத் திறந்து பெயர் சொல்ல ஆரம்பித்தேன். லைசென்ஸ். டார்ச். துணி. துணிக்கு அடியில் மிட்டாய்க் காகிதம். இன்னொரு மிட்டாய்க் காகிதம். அடுக்கடுக்காக, சின்னதும் பெரிதுமாக, ஒரு கடையே நடத்தலாம்.

கொண்டுவந்து அவர் மடியில் கொட்டினேன். “என்னங்க இது?”

மனிதர் காகிதங்களைத் திரும்ப அள்ளினார். “எப்படிக் கண்டுபிடிச்ச? நான்தான் மீசையைத் தொடவே இல்லையே!”

“மீசையா?”

“நீ மீசையைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்னு எனக்கு எப்பவோ தெரியும். அப்பப்ப வேணும்னே துடைச்சிட்டு வந்து மாட்டிப்பேன். அப்பத்தான் மத்த நாள்ல நீ சந்தேகப்பட மாட்ட.”

திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திட்டினேன். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன், அது வேறு கதை. ஆனால் ஒன்று உறைத்தது. இவருடைய மீசையை நான் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்க்கவில்லை. அந்த முகம் இளைத்திருந்தது. அதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

தேர்வு நாள் வந்தது. மேடம் என் பின்னால் நின்றார். நூறு படங்கள். நான் முணுமுணுத்துக்கொண்டே பார்த்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் “ஜபம் பண்றீங்களா?” என்றார். சட்டை செய்யவில்லை. பழைய வேகம் இல்லை. விரல் தானாகப் போகவில்லை. நான் போகச் சொன்ன பிறகுதான் போனது.

எழுபத்துநான்கு வந்தது.

“தொண்ணூத்தெட்டு எங்க, எழுபத்துநாலு எங்க” என்று ஊழியர் அறையில் ஒருவர் உச்சுக்கொட்டினார். “அது மெஷினோட மார்க். இது என்னோடது” என்றேன். சுவரில் இருந்த என் படத்தை நானே சுரண்டி எடுத்தேன். பசை விடவில்லை; என் நெற்றியும் ஒரு காதும் சட்டத்திலேயே தங்கிவிட்டன. அந்த மாதக் கடைசியில் முதலில் வந்தது சாவகாசம், முதல்முறையாக எழுபதைத் தாண்டி எழுபத்தாறு. அவன் படத்தை அந்தச் சட்டத்தில் நானே வைத்தேன். “காது யாரோடதுக்கா?” என்று கேட்டான்.

மறுபடி என் நாற்காலி, என் திரை. கால் இரண்டும் தரையில் இருந்தன. இப்போதும் டம்மிகள் வந்தன. பெரும்பாலானவற்றைப் பிடித்தேன், சிலவற்றை விட்டேன். விட்ட படத்தை முன்பெல்லாம் முறைப்பேன். இப்போது எந்தப் பெயரைத் தப்பாக வைத்தேன் என்று பார்க்கிறேன்.

தேர்வு முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். காலைக் கூட்டம். வரிசையில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன, ஒருவர் ஷூவைக் கழற்ற முடியாமல் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார். பெல்ட்டில் ஒரு துணிப்பை ஏறியது. உள்ளே பாத்திரங்கள். டம்ளர். டம்ளருக்குள் டம்ளர். கரண்டி. இன்னொரு கரண்டி. மூடி. துண்டு. கண்ணாடிக் கூடு. எல்லாம் பெயர் வாங்கிக்கொண்டு ஒதுங்கின. டம்ளர்களின் விளிம்போடு விளிம்பாக ஒரு நீலக் கீற்று மிச்சம் நின்றது. கரண்டி என்றேன், ஒப்புக்கொள்ளவில்லை. மூடியின் ஓரம் என்றேன், இல்லை என்றது.

அழுத்தினேன். பெல்ட் நின்றது.

பாராட்டுக்காகக் காத்திருந்தேன். பழக்கதோஷம். ஒவ்வொரு முறையும் அழுத்தியவுடன் அந்த வரி வந்து குதிக்கும். இந்த முறை வரவில்லை. திரை என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது.

“அக்கா, பாராட்டு வரலையே. தப்பா அழுத்திட்டீங்களோ?” என்றான் சாவகாசம்.

“பையைத் திற.”

அவனுடைய நிதானத்தை நான் முதல்முறையாகக் குறை சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். துண்டைப் பிரித்தான். உள்ளேயிருந்து, முழங்கை நீளத்துக்கு, புதிதாகச் சாணை பிடித்த சமையலறைக் கத்தி ஒன்று விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

பைக்குச் சொந்தக்காரி ஒரு நடுத்தர வயதுப் பெண். எங்களைவிட அவள்தான் அதிகம் ஆச்சரியப்பட்டாள். “மக வீட்டுக்குப் போறேங்க. அவ வீட்டுக் கத்தி தண்ணியைக்கூட வெட்டாது. அதான் நம்ம கத்தியை எடுத்துக்கிட்டேன். இது எப்பவும் கொண்டுபோறதுதான். போன வருஷமும் இந்த வழியாத்தான் போனேன், யாரும் ஒண்ணும் சொல்லலையே?”

சாவகாசம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். போன வருஷம் இந்த வரிசையில் உட்கார்ந்திருந்தது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

திரை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இனி சொல்லவும் சொல்லாது. நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு எல்லாவற்றையும்விட அந்த மௌனம் பெரிதாக இருந்தது. கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு அந்த அம்மாளை அனுப்பிவைத்தோம்.

“அடுத்த பை” என்றேன்.